நான்காவது மைக்

கோடை விடுமுறை என்றால் கணக்கு டீச்சருக்கு விடைத்தாள் கட்டுகளிலிருந்து விடுதலை. இந்த வருடம் விடுதலையோடு ஒரு மைக்கும் கிடைத்தது. பூங்காவில் சனிக்கிழமை சாயங்காலம்தோறும் நடக்கும் கச்சேரியில் அவளுடைய அக்காதான் முக்கியப் பாடகி. மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவர் டீச்சரின் கணவர். மற்ற நாட்களில் எலக்ட்ரீஷியன். கூடப் பாட ஆள் வேண்டுமென்று அக்கா கூப்பிட்டதும் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்து சனிக்கிழமைகள் பாடினாள். இருபது வருடமாக வகுப்பில் கத்திக் கத்தித் தேய்ந்த குரல்தான். ஆனாலும் வீடு திரும்பும் வழியில் கணவர் தவறாமல் சொல்வார்: "உன் குரல் தனியா கணீர்னு கேட்டுச்சு." அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே அவளுக்கு அந்த வாரம் ஓடிவிடும். கடைசிக் கச்சேரியில் நாலு வரி தனியாகப் பாடலாம் என்று அக்காவும் வாக்குக் கொடுத்திருந்தாள். அப்புறமென்ன, துணி துவைக்கும்போதும் தரை துடைக்கும்போதும் அந்த நாலு வரிதான்.

ஆறாவது சனிக்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சொன்னால் நாலு வரியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்று பயம். கச்சேரி முழுக்க வாயை மட்டும் அசைத்துவிட்டு, திருடி மாதிரி மிக்ஸர் பக்கம் வந்து நின்றாள். வயர் சுருட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிராமலே சொன்னார்: "இன்னைக்கும் உன் குரல் தனியா கணீர்னு கேட்டுச்சு."

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் மிக்ஸரைப் பார்த்தாள். நாலு மைக்குக்கு நாலு பொத்தான். மேலே தள்ளினால் சத்தம் கூடும். மூன்று மேலே ஏறியிருந்தன. அவளுடையது அடியில் கிடந்தது, அதன் மேல் கறுப்பு டேப். யாரும் தொடக்கூடாத சுவிட்சுக்கு அவர் இப்படித்தான் ஒட்டுவார். வீட்டில் கெட்டுப்போன ஹீட்டருக்கும் ஒட்டியிருக்கிறார். டேப்பின் ஓரத்தில் தூசி படிந்து அழுக்கேறியிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள், வராத குரலில்.

அவர் சுருட்டிய வயரைக் கீழே வைத்தார். "முதல் நாள்லேர்ந்து. அக்காதான் சொன்னாங்க. நீ சந்தோஷமா இருந்த, எதுக்குக் கெடுக்கணும்னு..."

"அந்த நாலு வரி?"

"நீ பாடும்போது அக்கா பின்னாடி நின்னு பாடுறதா ஏற்பாடு."

குரல் சரியில்லை என்று அக்கா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் அழுதிருப்பாள், அவ்வளவுதான். அக்காவைக்கூட மன்னித்துவிடலாம். ஆறு வாரமாகப் பக்கத்தில் நடந்துவந்தபடியே காதில் பூச்சுற்றியவரை என்ன செய்வது? நம்பவைத்துக் கழுத்தறுப்பதற்கு வெளியாள் தேவையில்லை.

கடைசிச் சனிக்கிழமை தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் மேடை ஏறவில்லை; முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலு வரி வந்தது. அக்காவே பாடினாள். நன்றாகவே பாடினாள், அதுதான் இன்னும் எரிந்தது.

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தபின் அக்கா தயங்கித் தயங்கி இறங்கி வந்து, எப்படி இருந்தது என்று கேட்டாள். டீச்சர் அக்காவைப் பார்க்கவில்லை. மிக்ஸர் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்: "உன் குரல் தனியா கணீர்னு கேட்டுச்சுக்கா."

வயர் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.