கிருஷ்ணராஜை அவசரமாக மெலியவைக்கக் கூடாது

1.

இந்தக் கதை பூட்டு வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. கண்டி நகரில், கொழும்பு வீதியில், ஆணியும் பெயின்டும் சிமெந்தும் விற்கும் கடை கிருஷ்ணராஜுடையது. நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். பூட்டைத் தாளில் சுற்றிக்கொண்டே, "என் கதைய எழுதுங்களேன்" என்றார். இப்படிக் கேட்பவர்களிடமிருந்து நான் வழக்கமாகத் தப்பி ஓடிவிடுவேன். அன்று ஓடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"பேரையும் போடுங்க, பரவால்ல. ஒன்னே ஒன்னு மட்டும். என்னைய டக்குன்னு மெலிய வச்சிடாதீங்க."

"ஏன்?"

"கதையில அது லேசுங்க. ‘கொஞ்ச நாள் போச்சு, ஆள் பாதியாயிட்டான்’னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவீங்க. அந்தக் கொஞ்ச நாள் என்னான்னு எனக்குத்தான் தெரியும்."

சரி என்றேன். அது எவ்வளவு தொல்லை பிடித்த சரி என்று எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

(கடையில் அவர் ‘அவர்’தான். கதைக்குள் ‘அவன்’ என்று எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. பக்கத்தில் போய் நிற்க அதுதான் வசதி.)

2.

முதல் தொடக்கம்: "கிருஷ்ணராஜ் ஏறினால் அம்பிட்டிய பஸ் ஒரு பக்கமாக—"

நிறுத்தினேன். குண்டு மனிதனைப் பற்றி ஒரு வாக்கியம் தொடங்கினாலே சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "உடற்பருமன் இன்று உலகம் முழுவதும் ஒரு பெரும் சுகாதாரப்—"

இது கிளினிக் சுவரில் ஒட்டுவது. ஒட்டியும் இருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் கிருஷ்ணராஜ் ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறான்.

நம்முடைய பேச்சில் இந்தக் காரியத்துக்குச் சரியான சொல்லே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. தடித்தவரைப் பார்த்தால் கேலி செய்கிறோம், அல்லது "நல்லா இருக்கீங்க" என்று வாழ்த்துகிறோம். மெலிந்தவரிடம் துக்கம் விசாரிக்கிறோம். மூச்சு வாங்குவதையும், முழங்கால் வலிப்பதையும், இரத்தத்தில் சீனி ஏறுவதையும், சட்டை வாங்கப் போய் அளவில்லாமல் திரும்புவதையும் சாதாரணமாகச் சொல்ல ஒரு குரல் வேண்டும். அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாமலேயே தொடங்குகிறேன்.

மூன்றாவது தொடக்கம். இது நிற்கும்: கிருஷ்ணராஜின் அக்கா யசோதாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன.

3.

யசோதா வத்தேகமவில் தையல் கடை வைத்திருந்தவள். பல வருடமாகப் பிரஷர் இருந்தது. தலைவலி என்று பனடோல் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்துவிட்டாள். கால் வீங்கி, முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது காரியம் கைமீறியிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்து எழும்பி நடக்கலாம்.

"நான் தர்றேன்" என்று கிருஷ்ணராஜ் அந்த இடத்திலேயே சொன்னான். யோசித்துச் சொன்னதில்லை. அக்கா என்றால் அவனுக்கு அப்படித்தான்.

இரத்தம் பொருந்தியது. மற்றப் பரிசோதனைகளும் பொருந்தின. பிறகு தராசில் ஏறச் சொன்னார்கள். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. வைத்தியர் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை என்று விளங்கியது. இந்த நிறையில் மயக்க மருந்தும் ஆபத்து, வெட்டிய காயம் ஆறுவதும் ஆபத்து என்றார் அவர். அதைவிட, பிறகு ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழப்போகிறவனுக்குச் சீனி வியாதி வந்தால் அவனும் இதே வார்டுக்குத்தான் வருவான். தொண்ணூறுக்குக் கீழே இறங்கி வரட்டும், பார்க்கலாம்.

"எவ்வளவு நாள்ல இறங்கலாம் டொக்டர்?"

"ஒழுங்காகச் செய்தால் ஒரு வருடம்."

கிருஷ்ணராஜின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. தன் வயிற்றில் இருக்கும் கொழுப்பு அக்காவிடமிருந்து ஒரு வருடத்தைப் பிடுங்குகிறது என்று விழுந்தது.

4.

"மூன்று மாதங்கள் கழி—"

இல்லை. மன்னிக்கவும். கை தானாகப் போகிறது.

ஆனால் கிருஷ்ணராஜும் இதையேதான் செய்தான். மாதங்களைத் தாண்டிப் போக ஒரு குறுக்கு வழி தேடினான். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: மூலிகைத் தூள், வெந்நீரில் கலந்து குடித்தால் போதும். கூரியரில் வந்தது. பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். காலையில் தூள், மத்தியானம் தூள், இடையில் ஒன்றுமில்லை. வயிறு ஓயாமல் போனது, சிறுநீரும் அப்படியே. அதெல்லாம் கொழுப்பு கரைந்து வெளியே போகிறது என்று நினைத்துக்கொண்டான். நிறை மளமளவென்று இறங்கியது. கடைக்கு வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அவனுக்கு ஒரே பரபரப்பு. உட்கார முடியவில்லை, தூங்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இருக்கும் நிறை பார்க்கும் மெஷினில் ஏறி, அதை நம்பாமல் பார்மசி மெஷினிலும் ஏறினான்.

ஒருநாள் குழாய் எடுக்க ஏணியில் ஏறியவன் கண் இருண்டு கீழே விழுந்தான். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடலில் நீர் வற்றிப்போயிருந்தது. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும் அளவு மோசமாகியிருந்தது. அக்காவுக்குக் கொடுக்கவென்று வைத்திருந்ததையே கெடுத்துக்கொண்டிருந்தான்.

"நல்ல காலம், இப்பவே விழுந்தீங்க. இன்னும் கொஞ்சம் போயிருந்தா திரும்பியிருக்காது" என்று வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை கிருஷ்ணராஜ் கடையில் எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லும்போது ஒரு வாடிக்கையாளர் சுண்ணாம்பு கேட்டு வந்தார். அவரைக் கவனித்து அனுப்பிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. பேச்சு அக்காவிடம் போய்விட்டது.

5.

யசோதாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"எத்தன நாளா குடிச்ச?"

"கொஞ்ச நாள்தான்க்கா."

"சீக்கிரம் குடுடான்னு நான் ஒன்னையக் கேட்டேனா?"

"நீ கேக்க மாட்ட. அதனாலதான்—"

"வாய மூடு. எனக்குப் பக்கத்துல இன்னொரு கட்டில் போட்டு ஒனக்கும் ஒரு மிஷினப் பூட்டி வைக்கிறதா? ரெண்டு பேருக்கும் நிரஞ்சனிதான் சோறு தூக்கிட்டு வரணும்." இருமினாள். "ஒழுங்காச் சாப்புட்டு, ஒழுங்காக் கொறைச்சிட்டு வா. வாங்கிக்கிறேன். இந்த மாதிரிக் கொண்டுவந்தா எனக்கு வேணாம். செத்தாலும் வேணாம்."

[இங்கே யசோதா அழுததாக முதலில் எழுதியிருந்தேன். அவள் அழவில்லையாம். அவன்தான் அழுதான்.]

6.

உணவு ஆலோசகர் பிரியாந்தினி யாழ்ப்பாணத்துக்காரர். கிருஷ்ணராஜைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிதான் முன்னால் உட்கார்ந்தான்.

"ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறனீங்கள்?"

"பெருசா ஒன்னுமில்லைங்க மிஸ். மூணு நேரச் சாப்பாடுதான்."

"தேத்தண்ணி?"

"அது சாப்பாடு இல்லையே மிஸ்."

கடைக்கு வரும் மேசன்மார் எல்லோரோடும் ஒரு பால் தேத்தண்ணி. ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. கூட ஒரு ரோல்ஸோ, மீன் வைத்த மாலு பாணோ. பேசப் பேச அவனுக்கே மலைப்பாக இருந்தது.

"உதுவும் சாப்பாடுதான்" என்றார் பிரியாந்தினி. "பட்டினி கிடக்காதேங்கோ. தட்டில பாதிக்கு மரக்கறியும் கீரையும் போடுங்கோ. மற்றப் பாதியில ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு மீனோ பருப்போ முட்டையோ. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். ஒவ்வொரு நாளும் நடவுங்கோ, மூச்சு வாங்கினால் நிண்டு நிண்டு நடவுங்கோ. கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் காணும்."

"வாரத்துக்கு அரைக் கிலோ போதுமா? அக்கா அங்க—"

"உங்கட கடையில சிமெந்து மூட்டை இறக்கிற ஆக்கள் அவசரத்தில கீழ போட்டால் என்ன ஆகும்?"

"மூட்டை கிழியும் மிஸ்."

"ஓம். நீங்கள் ஒருக்காக் கிழிச்சுப்போட்டுத்தான் இப்ப வந்திருக்கிறியள்."

நடக்கத் தொடங்கினான். அம்பிட்டிய வீட்டிலிருந்து கீழே இறங்குவது சுகம். திரும்பி ஏறுவதுதான் சீவன் போகும். முதல் நாட்களில் பாதி மேட்டில் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூட வான்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். பிறகு மதில் வரைக்கும் நிற்காமல் வந்தான். பிறகு மதிலைத் தாண்டினான்.

(இப்போது எழுதிய மூன்று வாக்கியங்களுக்குள் எவ்வளவு காலத்தைக் கடத்திவிட்டேன் பாருங்கள். ஒவ்வொரு ‘பிறகு’க்குள்ளும் சோறு மறுத்த மத்தியானங்கள் இருக்கின்றன; கல்யாண வீட்டுப் பந்தியில் "என்னங்க, கோவமா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தும் இரண்டு பிளேட் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வெட்கப்பட்ட ஒரு சனிக்கிழமை இருக்கிறது.)

7.

நிரஞ்சனியை மறந்துவிட்டேன். கிருஷ்ணராஜின் மனைவி. ஆறு பகுதி எழுதிவிட்டேன், அவள் சோறு தூக்குகிறவளாக ஒருமுறை வந்து போனதோடு சரி. கீரை ஆய்வதும், தேங்காய்ப்பாலைக் குறைத்துக் கறி வைப்பதும், அதைத் தானும் சாப்பிடுவதும் அவள்தான். ஒருநாள் வல்லாரை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"தூக்கத்துல ஒங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுன்னு எத்தன வருஷம் சொன்னேன்? நடங்க, கொறைங்கன்னு அழுதேன். காதுல விழல. அக்காவுக்குன்னதும் விழுது."

"இப்பவாவது விழுதே."

"ஆப்பரேஷன் முடிஞ்சதும்? பழையபடி ரோல்ஸு, கொத்து. அப்ப ஒத்தக் கிட்னியோட ஒங்களப் பார்க்கப் போறது யாரு? அக்காவா?"

அக்காவை நினைத்து மேட்டில் ஏற அவனுக்குத் தெரிந்தது. தன்னை நினைத்து ஏறத் தெரியவில்லை.

8.

தொண்ணூற்றைந்தில் தராசு நின்றுவிட்டது. அதே சாப்பாடு, அதே நடை, முள் அசையவில்லை. சில நேரம் உடம்பு அப்படி நிற்கும், நடையைக் கொஞ்சம் கூட்டுங்கோ, பாரம் தூக்குங்கோ, பயப்படாதேங்கோ என்றார் பிரியாந்தினி. அந்தக் கிழமையில்தான் யசோதாவின் நெஞ்சில் நீர் கட்டி, மூச்சுத் திணறி, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கிருஷ்ணராஜ் வார்டுக்கு வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தான். மத்தியானம் நிரஞ்சனி சோற்றுப் பார்சலோடு வந்தாள்.

"வேணாம். தொண்ணூறுக்கு வர்ற வரைக்கும் தண்ணி மட்டும்தான்."

"மறுபடியும் ரத்தத்தக் கெடுத்துக்கப் போறீங்களா?"

"நான் தின்னு வளர்த்த ஒடம்புதானே அங்க அக்காவ—"

"ஒங்க ஒடம்பு யாரையும் ஒன்னும் பண்ணல. உக்காருங்க." பார்சலைப் பிரித்தாள். சிவப்பரிசிச் சோறு, முகுணுவென்னக் கீரை வறை, ஒரு துண்டு மீன். "சாப்புடுங்க. எனக்கு வேணும் நீங்க."

அவன் உட்கார்ந்தான். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுக, ஒவ்வொரு பிடியாக, முழுவதையும் சாப்பிட்டான். இவ்வளவு மெதுவாக அவன் சாப்பிடுவதை அதுவரை பார்த்ததில்லை என்று நிரஞ்சனி பிறகு என்னிடம் சொன்னாள்.

9.

இந்த இடத்தில் கதையை முடிக்க எனக்குப் பல வழி இருந்தது.

யசோதா இறந்துவிடுகிறாள். மெலிந்த தம்பி யாருக்காக மெலிந்தோம் என்று நிற்கிறான். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தக் கடையில் போய் ஒரு ஆணிகூட வாங்க என்னால் முடியாது. கிழித்தேன்.

வேறொருவர் சிறுநீரகம் கொடுத்துவிடுகிறார். கிருஷ்ணராஜுக்கு இனி மெலிய வேண்டிய தேவையில்லை. அடுத்த நாள் காலையில் அவன்— இதை நீண்ட நாள் வைத்திருந்தேன். நிரஞ்சனியின் கேள்வி இதற்குள் சரியாகப் பொருந்தியது. ஆனாலும் அப்படி நடக்கவில்லை.

நடந்தது இது. யசோதாவின் நெஞ்சு நீர் இறங்கியது, வீட்டுக்கு வந்தாள். முள் மறுபடி அசைந்தது, சோம்பேறித்தனமாக. வைத்தியர் சொன்ன ஒரு வருடத்துக்கு மேலேயே ஆனது. கடைசியில் ஒரு கிளினிக் நாளில் கிருஷ்ணராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினான். எண்பத்தொன்பது. இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள் தாதி. எண்பத்தொன்பதுதான். பிரஷர் சரி, சீனி சரி, சிறுநீரகம் சரி. சத்திரசிகிச்சைக்குத் திகதி போட்டார்கள்.

வெளியே யசோதாவும் நிரஞ்சனியும் வாங்கில் இருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததுமே யசோதாவுக்கு விளங்கிவிட்டது. தம்பியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், மூச்சு வாங்கியது, மறுபடி சிரித்தாள்.

நிரஞ்சனி அவர்கள் ஓயும்வரை பொறுத்திருந்தாள்.

"திகதி வந்துருச்சு. நல்லது" என்றாள். "ஆப்பரேஷன் முடிஞ்சு, காயம் ஆறி, டொக்டரும் நடக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம் வர்ற மொத நாள். அன்னைக்குக் காலையில நடப்பீங்களா?"

கிருஷ்ணராஜ் அவளைப் பார்த்தான்.

"மழ இல்லாட்டி" என்றான்.

யசோதா சிரித்துவிட்டாள். நிரஞ்சனி சிரிக்கவில்லை. அவன் சொன்னது வாக்கா, தப்பித்தலா என்று எனக்கும் தெரியாது. கடையில் அவரிடமே கேட்டதற்கு, "எழுதுறவர் நீங்கதானே" என்று பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதனால் அந்தக் காலையை உங்களிடம் தருகிறேன். அம்பிட்டியவில் விடிந்திருக்கிறது. அவன் கதவைத் திறந்து வானத்தைப் பார்க்கிறான். அது எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.