சித்திக்குப் போட்ட போன்

எங்கள் வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளைகள் இரண்டே பேர்: நானும் சித்தி மகளும். எல்லோருக்கும் அவள் வாலு. "உங்க ஆளுங்கதான் குடிக்க மாட்டீங்களே" என்று மற்றவர்கள் பாராட்டுவதுபோலச் சொல்வார்கள். வாலுவுக்கு அது சுருக்கென்று தைக்கும். வீட்டிலும் அதே பேச்சுதான். "நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது" என்று அம்மா சொன்னால் அதோடு முடிந்தது. குடியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக் கழிப்பறையில் காதோடு காதாகக் கேட்டதுதான். முதலில் பால் குடித்தால் ஏறாது. வோட்கா வாடை அடிக்காது. ஏறிவிட்டால் தூங்கினால் போதும்.

பரீட்சை முடிந்த சனிக்கிழமை மதியம் ஒரு தோழி வீட்டில் கூடினோம். அவளுடைய பெற்றோர் வெளியூரில். வாலு ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, ஜூஸில் கலந்த வோட்காவை மடமடவென்று ஐந்து டம்ளர் உள்ளே தள்ளினாள்.

"பாத்தீங்களா? நாங்களும் குடிப்போம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அரை மணி நேரத்தில் குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தாள். கிள்ளினேன், கண் திறக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"தூங்கட்டும் விடு. யாரையாவது கூப்பிட்டா நான் தொலைஞ்சேன்" என்று தோழி என் கையைப் பிடித்தாள்.

அவள் கையை விலக்கினேன். திரைச்சீலைக் கடையில் தைத்துக்கொண்டிருந்த சித்திக்குப் போன் போட்டேன்.

"சித்தி, வாலு குடிச்சுட்டா. எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கிறா."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூச்சு வருதா?"

"வருது."

"மல்லாக்கப் போடாதே, ஒருக்களிச்சுப் படுக்க வை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அவளைத் தனியா விடாதே. நான் வந்துட்டேன்."

திருப்பிப் போட்ட மறு நிமிடமே அவள் வாந்தி எடுத்தாள்.

ஆபத்து நீங்கிவிட்டது, காலையில் அழைத்துப் போகலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதற்குள் அம்மாவும் வந்துவிட்டாள்.

"இவளுக்கு எங்கேயிருந்து வந்துச்சு இந்தப் பழக்கம்? நம்ம குடும்பத்துல..."

"போதும்க்கா" என்றாள் சித்தி. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. "அண்ணன் எப்படிச் செத்தான்னு இவளுக்குச் சொல்லு" என்று என்னைக் காட்டினாள்.

மாமா மாரடைப்பில் போனார் என்றுதான் எனக்குத் தெரியும். அம்மா தலை குனிந்தாள். சித்தியே சொன்னாள்.

"குடிச்சுட்டு மல்லாந்து படுத்திருந்தான். தூங்கறான்னு நினைச்சு நான்தான் போர்வை போத்திவிட்டேன். அப்ப எனக்குப் பதினாறு வயசு. வாந்தி தொண்டையில அடைச்சுக்கிச்சு. மானம் போயிடும்னு வெளியே மாரடைப்புன்னு சொல்லி மூடி மறைச்சோம்."

பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "நீ பயந்து நின்னுடாம கூப்பிட்டியே கண்ணு. உனக்கு நான் என்ன செய்யப்போறேன்?"

"நீங்க திட்டாம கேட்டீங்களே சித்தி..." என்றேன்.

மறுநாள் காரில், மாமாவின் கதையை வாலுவும் கேட்டாள். என் சுண்டுவிரலை விடாமல் பிடித்திருந்தாள்.

"இனிமே எதுவா இருந்தாலும் எங்ககிட்ட கேளுங்கடி" என்றாள் அம்மா.

"இப்பவே ஒண்ணு கேக்கட்டுமா பெரியம்மா? இந்தத் தலைவலி எப்ப நிக்கும்?"

"உனக்கு நல்லா வேணும்!" என்று அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே வாலுவின் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.