பூசாமல் விட்ட இடம்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, டிராக்டர் டிப்பரில் ஒரு பாய்மரப் படகு போவதைப் பார்த்தேன். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "திருப்புலிவனம் பக்கத்துல மாதா கோயில் தேருக்காம்" என்றார் டீக்கடைக்காரர். நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் புளுகு. நம்பிப் படியுங்கள்.

2.

அந்தி வானம் சிவந்திருக்க, வெண்ணிறப் பாய் காற்றில் மெல்ல—

(வேண்டாம். காற்று எங்கே இருக்கிறது? செப்டம்பர் புழுக்கம்.)

'டக்.'

இப்படித் தொடங்கலாம். ஷீபா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் 'டக்' என்றது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் டிராக்டர், பைக் வயரிங் எல்லாம் பார்ப்பவள் அவள்தான். காற்று இல்லாத நேரத்துக்கென்று படகுக்குள் இருந்த டீசல் எஞ்சின், படகே தேராகிவிட்டதால், இப்போது சீரியல் செட் விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். போன வாரம் வரை ஓடியது. இன்று, திருவிழா சாயங்காலம், முரண்டு பிடிக்கிறது.

3.

அவள் கணவன் தானியேல் பெயிண்டர். முதல் வரைவில் அவனைக் குடிகாரனாக்கியிருந்தேன். கதையில் கணவன் வந்தால் கை தானாகவே பாட்டிலைக் கொடுத்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.

அவனுடைய குறை வேறு. எந்த வேலையையும் முடிக்க மாட்டான். பாதிச் சுவரில் ஏணியைச் சாய்த்துவிட்டுப் போய்விடுவான். ஊர் வைத்த பெயர் 'அரைச்சுவர்'. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இந்தப் படகுதான் அவன் ஆயுசிலேயே முழுதாக முடித்த வேலை. இந்த வாரம்தான் பூசி முடித்தான்; அடிமரம் முதல் எஞ்சின் வரை மாதா நீலம். அதைப் பார்த்துப் பார்த்து ஷீபாவுக்கு உள்ளூரப் பெருமை.

4.

பேட்டரியில் பல்பை வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. டிராக்டர் பேட்டரியை மாட்டினாள். 'டக்.' எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் தனியாக ஓட்டினாள். ஜோராகச் சுற்றியது.

"மோட்டாரும் நல்லாத்தான் கீது, பேட்டரியும் நல்லாத்தான் கீது. ரெண்டும் சேந்தாத்தான் ஆவல."

"கண்ணாலம் மாதிரின்னு சொல்லு" என்றார் உபதேசியார் பெஞ்சமின்.

கூட்டத்தில் ஒரு குரல்: "அரைச்சுவர் பூசின தேரு! பாதியிலதான் நிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தானியேல் தலை குனிந்தான். ஷீபாவுக்குச் சுருக்கென்றது.

"பெயிண்டுக்கும் கரண்டுக்கும் இன்னாய்யா சம்மந்தம்? வாய மூடிக்கினு போ!"

(இந்த வசனத்தை அவளுக்குக் கொடுத்ததற்காகப் பின்னால் வருந்தினேன்.)

5.

மோட்டாரைத் திரும்ப மாட்டி, பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு கேபிளை நேராக மோட்டாரின் உடம்பில் வைத்தாள். எஞ்சின் சிலிர்த்துக்கொண்டு சுற்றியது. அப்படியானால் கோளாறு எர்த்தில்.* எஞ்சினில் எர்த் வயர் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினாள்.

வயருக்கு அடியில் மாதா நீலம். வழவழவென்று, இரண்டு கை பூச்சு.

* பேட்டரியிலிருந்து போகும் கரண்ட், எஞ்சினின் இரும்பு வழியாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு எர்த் வயர் வெற்று இரும்பைத் தொட வேண்டும். எந்தப் பெயிண்டரும் போல்ட்டைக் கழற்றி அடியில் பூச மாட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையை முழுதாக முடிக்க நினைத்தவன் பூசுவான்.

ஷீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரும் பார்க்காமல் கத்தியால் சுரண்டினாள். போல்ட்டை முடுக்கிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஓடியது. சீரியல் செட் எரிந்தது. நீலம் ஜொலித்தது. ஊரே "மரியே வாழ்க!" என்றது.

"இன்னாம்மா ரிப்பேரு?" என்று கேட்டார் பெஞ்சமின்.

6.

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்கிறாள். ஊர் சிரிக்கிறது. தானியேல் இனி எந்தச் சுவரையும்—

"லூஸ் கனெக்‌ஷன்" என்கிறாள். ஊர் நம்பிவிடுகிறது. அடுத்த வருடத் திருவிழாவுக்கு அவன் மறுபடியும் போல்ட்டைக் கழற்றி—

மாதாவின் அற்புதம். (உபதேசியாருக்குப் பிடிக்கும். மாதாவே ஒப்புக்கொள்ள மாட்டாள்.)

எது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, என்னைக் கேட்காமல் தானியேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறான். ஒரு கையில் பிரஷ், மறு கையில் ஸ்பேனர். முகமெல்லாம் சிரிப்பு.

"ஷீபா, இங்க ஒயரு ஓரமா ஒரு எடம் சொரண்டிக்கினு போயிருக்குது பாரு. கய்ட்டி, அடியில ஒரு கை குட்த்துட்றேன். வேலன்னா முழுசா இருக்கணும்மே."

7.

ஷீபா அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். ஊர் பார்க்கிறது. அவள் வாயைத் திறக்கிறாள்.

அவள் சொன்னதை எழுதித்தான் வைத்திருந்தேன். இரண்டு கை பூசி, வழவழவென்று வந்திருந்தது. சற்றுமுன் சுரண்டிவிட்டேன். இங்கே நீங்கள் தொட வேண்டும்.

சொல்லுங்கள், அவள் என்ன சொன்னாள்? கொஞ்சம் சீக்கிரம். ஸ்பேனர் போல்ட்டில் மாட்டியாயிற்று.