இறங்குவது கணக்கில் வராது

துணி ஏற்றும் லிஃப்ட் நின்றுபோய் ஐந்து மாதம் ஆகியிருந்த சமயத்தில்தான் அந்த மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள்.

என் அக்கா அதே கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், எட்டு வருடமாக இருந்தாள். லிஃப்ட் நின்றதிலிருந்து அவளும் இன்னும் மூன்று பெண்களும் துவைத்து மடித்த விரிப்புகளை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நான்காம் மாடிவரை ஏறினார்கள். திரும்பும்போது அழுக்கு மூட்டை. அது ஈரமாக இருக்கும், நாறும், வெளுத்த மூட்டையைவிடக் கனக்கும்.

நான் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். இரண்டே அறை. ஒன்றில் அக்காவும் மாமாவும், மற்றொன்றில் நானும் அடுப்பும்.

ஒரு நாள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். லிஃப்டை உடனே சரிசெய்ய வேண்டுமா, தள்ளிப்போடலாமா என்று நிர்வாகம் கேட்பதாகவும், ஆட்கள் சுமந்தால் எவ்வளவு வேலை, எவ்வளவு நேரம் என்று அளந்து ஓர் அறிக்கை எழுதும்படியும் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் படிகளின் லட்சணம் எனக்குத் தெரியும். எண்களைப் போட்டுக் காட்டினால் எந்த நிர்வாகமும் வாயைத் திறக்க முடியாது என்று நினைத்தேன்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். விசை, அது நகர்த்திய தூரம், இரண்டையும் பெருக்கினால் வேலை. அந்த வேலையை, அதைச் செய்ய ஆன நேரத்தால் வகுத்தால் திறன். மூட்டையை மேலே கொண்டுபோனால் அதற்கு ஆற்றல் சேரும், கீழே கொண்டுவந்தால் போய்விடும் என்றும் விளக்கினேன். மாமா பஸ் ஓட்டுபவர். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "அப்ப நான் காலையில டிப்போவுல எடுக்கற வண்டியை சாயங்காலம் அதே டிப்போவுல கொண்டுவந்து விடறேன். உன் கணக்குப்படி நான் ஒண்ணுமே பண்ணல. வெளியில சொல்லிடாதே" என்றார். மூவரும் சிரித்தோம்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடிகாரம் வச்சுக்கிட்டா பாப்பே?"

ஆமாம், எப்போதும் போல ஏறு என்றேன். அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. நான் தனியாகக் கையெழுத்துப் போடப்போகும் முதல் அறிக்கை இது, வேலை நிரந்தரமாவது இதில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அளந்தேன். நூறு படிகள், ஒவ்வொன்றும் பதினாறு சென்டிமீட்டர், மொத்தம் பதினாறு மீட்டர் உயரம். மூட்டை பதினான்கு கிலோ. பெண்களையும் தராசில் நிற்கச் சொன்னேன். அவர்களில் அக்காவின் சிநேகிதி ஒருத்தி உண்டு. உயரத்தால் எல்லோருக்கும் அவள் நெட்டை. அவள் தராசில் ஏறி, "தம்பி, இப்பதான் சாப்பிட்டேன். அதைக் கழிச்சு எழுதிக்குங்க" என்றாள். அவள் ஏறி முடிக்க இரண்டு நிமிடம் பத்து வினாடி ஆனது. மற்ற இருவருக்கும் ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

அக்கா கடைசி. அவள் ஏறவில்லை, ஓடினாள். மூட்டை முதுகில் குதிக்கக் குதிக்க, திருப்பங்களில் சுவரைக் கையால் தள்ளிவிட்டு ஓடினாள். பின்னால் ஓடிய எனக்கு மூச்சு வாங்கியது. மேலே போய் மூட்டையைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல், எவ்வளவு என்று கண்ணால் கேட்டாள்.

அறுபத்து நான்கு வினாடி.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. இன்னும் பத்து நடை ஏறச் சொல்லி, பத்தாவது நடையை அளந்திருக்க வேண்டும். மத்தியானம் ஒருமுறை, வேலை முடியும் வேளையில் ஒருமுறை அளந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் காட்டும் திறனை நாள் முழுக்கக் காட்ட எந்த உடம்பாலும் ஆகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எனக்கு அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. எண்ணை எழுதிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அறிக்கையில் மூட்டையின் எடையோடு உடம்பின் எடையையும் சேர்த்திருந்தேன். அக்காவுக்கு ஐம்பது கிலோ. ஒரு நடைக்குப் பத்தாயிரம் ஜூல் வந்தது. இறங்கும் நேரத்தையும் தனியாகக் காட்டியிருந்தேன். தலைவர் பொறுமையாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து உடம்பின் எடையை அடித்தார்.

"மேல போகவேண்டியது துணிதானே? இவங்க போயிட்டுத் திரும்பி வந்துடறாங்க. கூட்டிக் கழிச்சா பூஜ்யம்."

இப்போது பத்தாயிரம் இரண்டாயிரத்து இருநூறானது. அறுபத்து நான்கால் வகுத்து, முப்பத்து நான்கு வாட் என்று ஓரத்தில் எழுதினார். ஒரு மேசை விசிறிகூட இதைவிட அதிகம் இழுக்கும் என்றார். அடுத்து இறங்கும் நேரத்துக்கு வந்தார்.

"சார், இறங்கும்போதும் மூட்டை இருக்கு. வெறுங்கையா வரல" என்றேன்.

"கீழ இழுக்கறது பூமி. இவங்க இழுக்கல. ஏறும்போது வேலை, இறங்கும்போது ஓய்வு. நீ படிச்சவன்தானே?"

படித்தவன்தான். பூமி இழுக்கும்போது அதைத் தடுத்துத் தடுத்து இறக்குவது முழங்கால் என்பதையும் படித்திருந்தேன். மேசைமேல் என் பெயர் எழுதிய வேறொரு தாள் இருந்தது. அதைத் தலைகீழாகவே வாசிக்க முடிந்தது. நிரந்தரம் செய்வதற்கான பரிந்துரை, கையெழுத்துப் போடாமல். இறங்குவது ஓய்வு என்றே நான் அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. நடைக்கு மூன்று நிமிடம். ஏற அறுபத்து நான்கு வினாடி, மீதி ஓய்வு. பார்ப்பவர்களுக்குத் தாராளமாகத்தான் தெரியும். அந்தக் கணக்கில் நான்கு பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும். மெதுவாக ஏறிய இருவரை நிறுத்தினார்கள். நெட்டை முதலில் போனாள். லிஃப்ட் கூண்டில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள்.

போகும் அன்று நெட்டை அக்காவை வாசலில் நிறுத்தி, "ஓடினியே, யாருக்காக ஓடினே?" என்று கேட்டாளாம். அக்கா இதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. நான் தலைவரிடம் பேசிப்பார்க்கிறேன் என்றேன். அவள் சரி என்றாள். நான் பேசவில்லை. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. மாமா மட்டும் என் கையைக் குலுக்கினார்.

எட்டு மாதம் அக்கா அந்த வேகத்தில் ஏறி இறங்கினாள். ஒன்பதாவது மாதம், அழுக்கு மூட்டையோடு இரண்டாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது வலது முழங்கால் மடங்கிவிட்டது. விழவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் வழிவிடச் சொல்லி அவளைத் தாண்டிப் போனார்களாம். கனத்தோடு இறங்கி இறங்கித்தான் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று எங்கள் மருத்துவரே எழுதிக்கொடுத்தார்.

வேலையில் பட்ட காயம் என்று அவள் சிகிச்சைக்கு விண்ணப்பித்தாள். அலுவலகம் அதைப் பராமரிப்புப் பிரிவின் கருத்துக்கு அனுப்பியது. கோப்பு என் மேசைக்குத்தான் வந்தது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: காயம் வேலையின்போதா, ஓய்வின்போதா?

கோப்பை இரண்டு நாள் வைத்திருந்தேன். தலைவர் அந்தப் பக்கம் வந்தபோது நின்று பார்த்தார்.

"வேலைன்னு எழுதினா, நீ கையெழுத்துப் போட்ட அறிக்கை பொய்னு ஆகும். யோசிச்சு எழுது" என்றார். அதட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

'முந்தைய அறிக்கையைப் பார்க்கவும்' என்று எழுதி அனுப்பினேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தோடு என் அறிக்கையின் நகலையும் வைத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். எழுதப் படிக்க எனக்குக் கை பிடித்துப் பழக்கியது அவள்தான்.

அன்று அவள் எனக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீ வேற இடம் பாத்துக்கோடா" என்றாள்.

பிறகு மாமா யாரையோ பிடித்து, பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சன்னலில் அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை வாங்கிக்கொடுத்தார். நெட்டையும் அவளும் மறுபடி பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். யார் முதலில் போனது, என்ன சொன்னாள், எதுவும் எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே நெட்டையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா சுவரைப் பிடித்து நடந்துவந்து கதவைப் பாதி திறந்தாள்.

"அவ வந்திருக்கா. நீ இன்னொரு நாள் வா."

எந்த நாள் வரட்டும் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"சொல்லி அனுப்பறேன்" என்றாள்.

இதுவரை அனுப்பவில்லை.