கீழ் போர்ஷன் ஒட்டகச்சிவிங்கி

வசுமதிக்கு மனசுக்குத் துணையாக டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒட்டகச்சிவிங்கி. காலையும் மாலையும் ஆகாரத்துக்குப் பின் கொஞ்ச நேரம் அதன்மேல் சாய்ந்திருக்கச் சொல்லியிருந்தார். அம்மா போனதிலிருந்து சாயங்காலமானால் அவளுக்குக் கை நடுங்கும். ஆளில்லாத வீட்டைத் திறக்க மனசு வராமல் சாவியும் கையுமாக வாசலிலேயே நிற்பாள். சிவிங்கி வந்தபிறகு நடுக்கம் விட்டது.

ஆதம்பாக்கத்தில் கீழ் போர்ஷன் பார்க்கப் போனபோது அதையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டு ஓனர் பரசுராமன் எல்லா ஓனர்களும் கேட்பதைத்தான் கேட்டார்.

"அசைவம் உண்டா?"

"இலை தழைதான் சார்."

"கண்டவங்க வந்து போறது?"

"அதுக்கு இங்க யாரையும் தெரியாது சார்."

அவருக்குத் திருப்தி. பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். துணி துவைக்கிற முற்றத்துக்குக் கூரை இல்லாததால் சிவிங்கி நிற்கத் தோதாக இருந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் வசுமதி அதன் வயிற்றில் கன்னத்தை வைத்துக் கொஞ்சம் அழுவாள். பிறகு காபி போடுவாள்.

ஆனால் பாருங்கள், அத்தனை துருவித் துருவி விசாரித்த மனிதர் ஒருமுறை அண்ணாந்து பார்த்திருக்கலாம். காலும் வயிறும்தான் கீழ் போர்ஷனில் இருந்தன. தலை மாடியில், ஓனர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்தது.

அவர் மனைவி கோமளா இதைப் பற்றி மூச்சு விடவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தால் காம்பை அதற்குக் கொடுப்பாள். பெங்களூர் போன மகன் போன் பண்ணாதது, முட்டி வலி, நாத்தனார் சொன்ன சொல் எல்லாவற்றையும் அதன் காதில் கொட்டித் தீர்ப்பாள். கல்யாணமான நாளாக அவள் வாயைத் திறந்தால் பரசுராமன் டிவி சத்தத்தைக் கூட்டுவது வழக்கம். குறுக்கே பேசாமல் கேட்ட முதல் முகம் இதுதான், பாவம்.

ஒருநாள் அவர் அதிசயமாகத் தானே தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சமையலறைக்குள் போய்விட்டார். உடனே கீழே இறங்கி வந்தார்.

"உனக்கு விட்டது கீழ் போர்ஷன். தலை என் போர்ஷன்ல இருக்கு. நியாயத்தை நீயே சொல்லும்மா."

நியாயம் அவர் பக்கம்தான். காலி செய்வதாக ஒப்புக்கொண்டாள். அலையாய் அலைந்து கடைசியில் மேடவாக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது, ஆனால் அதில் முற்றம் இல்லை. ஹாலில் ஃபேன் உயரத்துக்கு மேல் எதுவும் நிற்காது. சிவிங்கியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

சாமான் ஏற்றும்போது கோமளா மாடிப்படியில் மெல்ல இறங்கி வந்தாள்.

"உடம்பை நீ கூட்டிட்டுப் போம்மா. தலை இங்கயே இருக்கட்டும்."

"சார் ஒத்துக்கணுமே?"

கோமளா கணவர் பக்கம் திரும்பினாள். "உங்க போர்ஷன்ல இருக்கறது உங்களோடதுதானே?"

பரசுராமன் யோசித்துப் பார்த்தார். அதிலும் நியாயம் இருந்தது.

லோடு வண்டி கிளம்பியது. சிவிங்கி பின்னாலேயே நடக்க, கழுத்து அதன்பாட்டுக்கு நீண்டுகொண்டே வந்தது. திருப்பங்களில் யாரையும் இடிக்காமல் வளைந்தது. வழியில் ஒரு கேபிள்காரர் தன் ஒயரை அதன்மேல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றாள் வசுமதி.

மறுநாள் சாயங்காலம் புது வீட்டைத் திறந்து, ஹாலில் நின்ற வயிற்றில் கன்னத்தை வைத்தாள். எங்கேயோ தூரத்திலிருந்து ஒரு கீரைக்காம்பு இறங்கி வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே ஒரு குரல்.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

அம்மா போனபிறகு யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் கை நடுங்கவில்லை. அவள் பதில் அவ்வளவு கழுத்திலும் ஏறிப் போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிடும். ஆகவே வயிற்றில் வாயை வைத்து, "சாப்பிட்டேன்மா, இட்லி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, தெருமுனைக் கடைக்கு மாவு வாங்கக் கிளம்பினாள்.