நூற்று நாற்பது சாண் மழை

மலையுச்சிக் குடிசைக்கு முன்னால் இருந்த செம்புப் பானையின் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கோடுகளை எண்ணினாள் சுருளியம்மாள். நான்கு கோடு. கற்றாழைநார்க் கயிற்றின் நுனியில் நான்கு சின்ன முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐப்பசி பதினஞ்சு முடிஞ்சது. கெளம்பும்."

அவள் கணவன் காசிமாயன் கம்பை ஊன்றி எழுந்தான்.

ஆனி முதல் தேதி ஏறி வந்தவர்கள். ஐப்பசி பதினைந்து வரை ஒரு நாள்கூட விடாமல் மழையை அளந்து வந்தால் இந்த வேலை நிரந்தரம், ஒரு நாள் விட்டாலும் வேறு ஆள் என்று போடியில் ஓவர்சியர் திருப்பதி கறாராகச் சொல்லியிருந்தார். கீழே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலைதான் குடித்தனம். எழுதத் தெரிந்தவன் என்பதால் வேலை காசிமாயனுக்குக் கிடைத்தது. ஆனால் ஆடி எட்டாம் தேதி அவனைக் காய்ச்சல் சாய்த்தது; இறங்குவதற்குச் சில நாள் முன்புதான் எழுந்து நடந்தான். நோட்டில் எழுத்து அன்றோடு நின்றது. முடிச்சு நிற்கவில்லை. அவள் எருவண்டிகளை நாரில் முடிந்து எண்ணும் வீட்டில் பிறந்தவள். நாளுக்கு ஒரு சாண் கயிறு, அங்குலத்துக்குப் பெரிய முடிச்சு, கோட்டுக்குச் சின்னது. மாதம் பிறந்தால் ஒரு துணிக்கிழிசல்.

இறங்க இரண்டு நாளானது. ஏலக்காட்டு மூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகே தெரியவில்லை. அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசிய புகையிலைச் சாறு கால்மணி நேரத்தில் கரைந்துபோனது. குரங்கணிக்கு மேல் ஓடையில் இடுப்பளவு வெள்ளம். கயிற்றுச் சுருளைத் தலையில் ஏற்றி, இரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"புருசனப் பிடிக்க ஒரு கை இல்லையாக்கும்?"

"ஒமக்கு நீந்தத் தெரியும். கயித்துக்குத் தெரியுமா?"

குரங்கணியில் வெயில் அடித்தது. நான்கு மாதத்துக்குப் பின் தன் நிழலைப் பார்த்து நின்றுவிட்டாள். பொதிமாடு ஓட்டும் பேச்சிமுத்து அவர்களைக் கண்டு வாயைப் பிளந்தான்.

"ஆத்தாடி! மாப்ளே, நீ செத்துப்போயி ரெண்டு மாசமாச்சுன்னு ஊரே பேசுது!"

"சாக இவ விட்டாத்தான, மச்சான்?"

மாடுகளோடு சேர்ந்தே மூவரும் போடிக்கு நடந்தார்கள்.

ஆபீசில் ஓவர்சியர் நோட்டைப் புரட்டினார். ஆடி எட்டுக்குப் பின் வெறும் தாள். "மிச்சம் நூறு நாள் எங்கய்யா?"

சுருளியம்மாள் சுருளை மேசைமேல் வைத்தாள். ஓவர்சியர் சிரித்தார். "ஏம்மா, இதுல மாட்டக் கட்டலாம். மழையக் கட்ட முடியுமா?"

"மொத நாள்லேருந்தே முடிஞ்சிருக்கேன், சாமி. இவரு எழுதுன நாளும் இதுல இருக்கு. ஒத்துப் பாருங்க."

அவர் சிரிப்பை நிறுத்தாமலே நோட்டைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். "ஆனி இருவத்தொண்ணு?"

கிழிசலிலிருந்து சாண் போட்டு, விரலால் தடவினாள். "ரெண்டு பெருசு, ஏழு சிறுசு." சரியாக இருந்தது. "ஆடி மூணு?" "அஞ்சு பெருசு." அதுவும் சரி.

"ஆனி இருவத்தொம்பது?"

"நாலு பெருசு, ரெண்டு சிறுசு."

"தப்பு!" ஓவர்சியர் மேசையைத் தட்டினார். "ஒண்ணு, மூணுன்னு இருக்கு."

அவள் இன்னொரு தரம் தடவினாள். கயிறு மாறவில்லை. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் அவள் பொய்க்காரி ஆவாள்.

"அன்னைக்குக் குளிரு, ஐயா," என்றான் காசிமாயன். "நான் எந்திரிக்கல. முந்தின நாளு எழுதுனதவே திருப்பி எழுதிட்டேன். இவ சொல்றதுதான் நெசம்."

ஓவர்சியர் இருபத்தெட்டாம் தேதியைப் பார்த்தார். ஒன்று, மூன்று. அதன் கீழே மறுபடி ஒன்று, மூன்று. பேனாவை மையில் தொட்டு இரண்டாவதை அடித்தார். நான்கு, இரண்டு என்று எழுதினார்.

"ஒன் பேரென்னம்மா?"

"சுருளியம்மா."

"முழுசா எழுதுங்கய்யா," என்றான் காசிமாயன். "சுருளியம்மாள்."

வெறும் தாளின் தலையில் அந்தப் பெயரை எழுதி, முக்காலியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காந்து சொல்லு. ஆடி ஒம்பது?"

அவள் சொல்லத் தொடங்கினாள். பேச்சிமுத்து வெளியே போய்க் கூவியதில் சன்னலில் கூட்டம் சேர்ந்தது. ஆவணி பதினான்கில் அவள் விரல் மெதுவாக ஊர்ந்தது, ஊர்ந்துகொண்டே போனது.

"பதினொண்ணு பெருசு."

"ஒரே நாள்லயா?"

"குழாய ஊத்தி ஊத்திக் கை விறைச்சுப்போச்சு, சாமி."

சன்னலுக்கு வெளியே, மண் பொரிகிற வெயிலில் நின்றிருந்த ஒருவர் வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மழைக்குப் போடுவதுபோல் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சுருளியம்மாள் அடுத்த சாணுக்கு விரலை நகர்த்தினாள்.