கன்டீன் வாசல்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் இருந்த அந்த ஆடைத் தொழிற்சாலையில் அன்னலட்சுமியின் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. தெல்தோட்டைத் தோட்டத்தில் பிறந்தவள். சிங்களமும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவாள். யாருக்காவது லீவு மறுத்தால், யாரையாவது கண்டபடி ஏசினால், பெண்கள் அவளைத்தான் ஒஃபிசுக்குக் கூட்டிப் போவார்கள். நிர்வாகம் ஊழியர் சபை என்று ஒன்றை அமைத்தபோது யோசிக்காமல் அவளையே தலைவியாக்கினார்கள்.

சபைக் கூட்டங்களில் தேநீரும் பனிசும் கிடைத்தன. அவள் கேட்டதையெல்லாம் மனிதவள முகாமையாளர் விவேகானந்தன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குடிதண்ணீர்க் குழாய் புதிதாக வந்தது. தீபாவளிக்கு இனிப்பு வந்தது. மணிக்கு இத்தனை உடுப்பு என்ற வேலை இலக்கைப் பற்றி வாயெடுத்தால் மட்டும் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பிள்ளைத்தாய்ச்சியான சீதா மெஷின்மேல் மயங்கி விழுந்த பிறகுதான் கைரியா தொழிற்சங்கப் பேச்சை எடுத்தாள். கைரியா அக்குறணைக்காரி. அன்னலட்சுமிக்குப் பக்கத்து மெஷின்.

“சபையில நீங்க கேக்குறீங்க, அவங்க விரும்பினதத் தாராங்க. சங்கமெண்டா அப்பிடி இல்ல, அக்கா. ரெண்டு பக்கமும் கையெழுத்து வைக்கணும். நாளைக்கு இல்லண்டு சொல்ல அவங்களுக்கு ஏலா.”

தொழில் திணைக்களம் வந்து வாக்கெடுப்பு நடத்தும். நூற்றுக்கு நாற்பது பேர் சங்கத்தின் பக்கம் நின்றுவிட்டால் நிர்வாகம் பேச உட்கார்ந்தே ஆக வேண்டும். அன்னலட்சுமி சங்கத்தில் சேர்ந்தாள். ஆனால் வெளியே சொல்லவில்லை. தங்கை புஷ்பம் பொதி கட்டும் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள், இன்னும் நிரந்தரமாகவில்லை. விவேகானந்தனிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அன்னலட்சுமிதான்.

வாக்கெடுப்புக்குத் திகதி குறித்த மறுநாள் விவேகானந்தன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“இரும், அன்னலட்சுமி. உம்மை லைன் சூப்பவைசராப் போடச் சொல்லி மேல சொல்லியிருக்கினம். எப்பவோ குடுத்திருக்க வேணும்.”

அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். “இப்ப ஏன் சேர்?”

“ஏனெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

“யோசிச்சுச் சொல்றேனே.”

“யோசியும். ஆனா வேண்டாமெண்டா, ஏன் வேண்டாமாம் எண்டு மேல கேப்பினம். சங்கத்தில இருக்கிறீரோ எண்டு யோசிப்பினம்.” அவர் மேசைமேல் கிடந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார். “தங்கச்சியின்ர அலுவலும் இன்னும் முடியேல்லைத்தானே.”

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். அவருடைய குரலில் இருந்தது உண்மையான கவலை. அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. சூப்பவைசர் என்றால் நிர்வாகத்துப் பக்கம். வாக்குப் போட முடியாது. வேண்டாம் என்றால் புஷ்பம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கைரியாவிடம் சொன்னபோது அவள் மெஷினை நிறுத்தினாள். பிறகு, “எடுங்க அக்கா. ஒரு வோட்டுக்காகப் புஷ்பத்த வெளிய அனுப்பக் கூடாது. வோட்டு அன்டைக்கி நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்” என்றாள்.

அம்மா வேலாயிக்குத் தொலைபேசியில் சந்தோஷம் தாங்கவில்லை. “கங்காணி வேலயா ஆயி? லயத்துல வீட்டுக்கு வீடு சொல்லிப்புட்டேன்.”

வாக்கெடுப்பு கன்டீனில் நடந்தது. வாக்குப் போடப் போனாலே சங்கத்து ஆள் என்று பெயர் விழும். காலையிலேயே விவேகானந்தன் சூப்பவைசர்களைத் தையல் பகுதியிலிருந்து கன்டீன்வரை இடைவெளிவிட்டு நிறுத்தினார். அன்னலட்சுமிக்கு வாசலே கிடைத்தது.

“ஒண்டும் கதைக்க வேண்டாம். ஒழுங்குக்கு நிண்டாப் போதும்” என்றார்.

சூப்பவைசர்களுக்கான புது நீலக் கோட்டின் கழுத்து அவளுக்கு அரித்தது. முதலில் வந்த பெண்கள் தூரத்திலேயே அவளைக் கண்டு நடையைக் குறைத்தார்கள். ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். “அன்னலட்சுமியக்காவே அங்கிட்டு நிக்கிறாங்க” என்பது மட்டும் காதில் விழுந்தது. அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றுதானே கைரியா சொன்னாள். வாயை மூடிக்கொண்டு நிற்பதே இப்படிப் பேசும் என்று இருவருமே நினைக்கவில்லை.

அடுத்து வந்த பெண் தயங்கியபோது அன்னலட்சுமி மெதுவாக, “பயப்படாத, போய்ப் போடு” என்றாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. தன்னைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். “நான் சும்மா தண்ணி குடிக்க வந்தேன் மிஸ்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினாள்.

கைரியா வந்தாள். அன்னலட்சுமியின் தோளை உரசிக்கொண்டு உள்ளே போய், அவளைப் பார்க்காமலே வெளியே வந்தாள்.

அதற்குமேல் அன்னலட்சுமியால் நிற்க முடியவில்லை. கோட்டைக் கழற்றிக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். மேசையருகே இருந்த திணைக்களப் பெண் அதிகாரி பட்டியலில் அவள் பெயரைத் தேடினார். மறுபடியும் தேடினார். போன கிழமைவரை மெஷினில் இருந்தவள்தான் என்று அன்னலட்சுமி சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். நிர்வாகத் தரத்தில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும் என்று அவர் இதமாகவே சொன்னார்.

வெளியே வந்தபோது விவேகானந்தன் அவளுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் தொழிற்சாலை முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளுக்குச் சரியான வெக்கைதான் என்ன?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, அவர் கோட்டை விரித்துப் பிடித்தார். பிறகு தாழ்ந்த குரலில், “போடும், பிள்ளை” என்றார்.

அவர் அவளைக் காப்பாற்றுகிறார் என்று அவளுக்கு விளங்கியது. எதிரே பொதி கட்டும் பகுதியில், பொதிகளுக்கு மேலாகப் புஷ்பத்தின் முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்னலட்சுமி கோட்டுக்குள் கையை நுழைத்தாள்.

சங்கத்துக்கு விழுந்த வாக்கு நூற்றுக்கு நாற்பதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மாத முடிவில் புஷ்பம் நிரந்தரமானாள். அதன் பிறகு அன்னலட்சுமி விவேகானந்தனிடம் போய், பழையபடி மெஷினிலேயே போடும்படி கேட்டாள்.

“அதில இப்ப வேற பிள்ளை இருக்கிறாள்” என்றார் அவர். கதவைச் சாத்திவிட்டு வந்து, “நானும் விலகுவமெண்டு எத்தினையோ தரம் எழுதிக் கிழிச்சிட்டன். ரெண்டு பிள்ளையளும் கண்டியில படிக்குதுகள். எங்க போறது?” என்றார்.

அன்று வேலை முடிந்து அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது, கைரியாவும் வாக்குப் போட்ட சில பெண்களும் ஒரு கடை ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கிட்டே போனதும் பேச்சு நின்றது. கைரியா மட்டும் இரண்டடி முன்னால் வந்தாள்.

“திரும்ப ஆள் சேக்கிறீங்களா?” என்று கேட்டாள் அன்னலட்சுமி.

“ஓ.”

“நானும் வந்து இருக்கட்டுமா? சும்மா கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

கைரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. “நீங்க உள்ள போய் வோட்டுப் போடப் பாத்த கதை எனக்குத் தெரியும். இவங்க நம்ப மாட்டாங்க, அக்கா. நீங்க நின்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

அன்னலட்சுமி தலையாட்டினாள். கையை விடுவித்துக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய், அவர்களுக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டாள்.